அப்பா மாட்டிய றெக்கை

ஓசூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் சம்பங்கிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பாவும் வலது கட்டைவிரல் தவிர மற்றபடி சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் பேசினால் இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால் ஜெர்மனி திரும்பும் நம் தெருக் கரியப்பன் மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிரசவத்துக்கு நீ வரச்சொன்ன நாளிலிருந்து இவருக்கு விமானம் என்றாலே பயம். ஒப்புக்கொள்வாரா, பேக்டரி டூல் ரூம்ல முப்பது வருஷம் இருந்தவன் நான், உள்ள எப்படி மாட்டியிருக்கான்னு பாக்காம எதுலயும் ஏறமாட்டேன் என்றார். காலேஜில் படிக்கும்போது பெங்களூரில் பழைய சாமான் கடையில் வாங்கி நீ பரணில் போட்டாயே, அந்தக் காலத்து இரட்டை றெக்கை விமானம், துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டி, அதை இறக்கிச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். மூன்று வாரமாக எங்களுக்குத் தரையில்தான் சாப்பாடு. பிளாஸ்டிக் அப்பளமாக நொறுங்குகிறது, செய்முறைத் தாள் என்ன பாஷையோ தெரியவில்லை. மேல் றெக்கையைத் தாங்க ஈர்க்குச்சி போல எட்டுக் கால், எட்டும் ஒரே நேரத்தில் குழியில் உட்கார வேண்டுமாம், ஏழு உட்கார்ந்தால் எட்டாவது எழுந்துகொள்கிறது. மூன்று தடவை கழன்று விழுந்தது. நாலாம் தடவை கடையிலிருந்து உடனே ஒட்டுகிற பசை வாங்கிவந்து போட்டார், றெக்கை நின்றது, விமானம் கட்டைவிரலை விட்டு வரவில்லை. அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் வந்தது, விமானத்தோடேயே போய்க் கதவைத் திறந்தார். சிலிண்டர்காரன் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டான்.

சுடுதண்ணீரில் ஊறவைத்து விரலைப் பிரித்தால் றெக்கையும் தனியாக வந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி இவர் வரமாட்டார், இவரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது, என் மகள் பிள்ளை பெற்றுத் தனியாகக் கிடப்பாள் என்று அடுப்படியில் நின்று அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து, நான் மாட்டுன றெக்கைதான் கழலுது, நாம போற பிளேன்ல மாட்டுனவன் வேற ஆளு, டிக்கெட் போடச் சொல்லு என்றார்.

விசாவுக்கு ரேகை வைக்கப் பெங்களூர் போனோம், பசை காய்ந்த விரலில் ரேகை விழவில்லை, செவ்வாய்க்கிழமை மறுபடி வரச்சொன்னார்கள். தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே. ராகி மாவு நான் கொண்டுவருகிறேன். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்க மலைக்கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, டிக்கெட் போடும்போது றெக்கை தெரிகிற ஜன்னல் வேண்டாம். இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு வருவார், என்னையும் பார்க்கச் சொல்வார்.

உன் அம்மா
வெங்கடம்மா