மஞ்சள் வயரும் புது பிளேயரும்

அண்ணா,

சாப்பாடு அடுப்பருகே மூடியிருக்கிறது. கடைச் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

நாலு மணிக்குத் தையல்கார அக்கா புது டிவிடி பிளேயர் வாங்க வீட்டுக்கு வருகிறார். நேற்று நீ, "என் தங்கச்சி பிசிக்ஸ் படிச்சவ, அவளையே கேளுங்க" என்றாய். "புதுசுல போட்டா பழைய டிஸ்க்ல என் பொண்ணு முகம் தெளிவாத் தெரியுமாம்மா?" என்று அவர் கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன்.

இன்று காலை சோதித்துப் பார்த்தேன். நீ அவருக்குப் பழைய பிளேயரை மங்கலாகக் காட்டும் மஞ்சள் வயரிலும் புதியதை நல்ல கேபிளிலும் மாட்டிக் காட்டியிருக்கிறாய். இரண்டையும் நல்ல கேபிளில் மாட்டினால் பெரிய வித்தியாசம் இல்லை. புதியதில் ஓரங்கள் கொஞ்சம் வழவழப்பாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். டிஸ்க்கில் பதியாததை எந்த பிளேயரும் கொண்டுவராது. அக்காவிடம் இருப்பதும் அதே பழைய மாடல். அவருக்கு கேபிள் மட்டும் போதும்.

காலையில் இதைச் சொல்ல வந்தேன். "வந்துட்டாங்கடா விஞ்ஞானி" என்று சிரித்தாய். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நீயே அவரிடம் சொல்லிவிடு. நான் நூலகத்தில் இருப்பேன், ஆறு மணிக்கு வருவேன்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: எனக்கு போன் போட்டு அக்காவிடம் கொடுத்துவிடாதே. அவர் கேட்டால் மறுபடியும் ஆமாம் என்றுதான் சொல்வேன்.