பெரிய கார்டை ஏற்றாதே

மார்ச் 10, திங்கள்

சேதராப்பட்டு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு எழுத அது ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் ரிச்சர்டிடமிருந்து போன்.

இந்த வீட்டை விட்டுத் தன் தங்கை ஜெர்லின் வீட்டுக்கு அவன் போய் எண்பத்தைந்து நாள் ஆகிறது. இதுதான் முதல் போன்.

"டினா, லேப்டாப்ல வெளி மானிட்டர் வரமாட்டேங்குது. வெள்ளிக்கிழமை அப்டேட் கேட்டுச்சு, கொடுத்தேன். அதுலேர்ந்து இருட்டு."

எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேனா? "எடுத்துக்கிட்டு வா, பாக்கலாம்" என்றேன், கடை வைத்திருப்பவள் மாதிரி. பிறகு சர்வர் அறைக்குப் போய் நின்று அழுதேன். அங்கே ஏசி போடும் சத்தத்தில் யார் அழுதாலும் கேட்காது. பதினோரு வருடமாக இந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன், அந்த அறை இதற்கும் உதவும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

ஆறரைக்கு வந்தான். விருந்தாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். இளைத்திருக்கிறான். சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். சொன்னால் "ஆரம்பிச்சுட்டியா" என்பான்.

கொச்சியில் ஒரு கம்பெனி, நாற்காலி மேசைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து படமாக்கும் வேலை. ஒரு டெஸ்ட் கொடுத்திருக்கிறார்கள், 24-ம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். கிடைத்தால் ஏப்ரலில் கிளம்பிவிடுவான். தட்டாஞ்சாவடியில் அவன் வேலை பார்த்த டிசைன் யூனிட்டை மூடி இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவன் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. வெளிச்சம் வந்த இடம் கொச்சி.

இந்த லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு. சின்னது லேப்டாப்பின் சொந்தத் திரையை மட்டும் பார்த்துக்கொள்ளும். வெளி மானிட்டருக்கும் கனமான படங்களுக்கும் பெரியது வேண்டும். லினக்ஸின் அடித்தளமான கர்னல் மாறும்போதெல்லாம், பெரிய கார்டை இயக்கும் டிரைவரைப் புதுக் கர்னலுக்கு ஏற்றபடி மறுபடி கட்ட வேண்டும். கட்டுவதற்குத் தேவையான ஒரு பேக்கேஜ் வெள்ளிக்கிழமை அப்டேட்டில் விட்டுப்போயிருக்கிறது. கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்.

அவன் முக்குக் கடைக்கு டீ வாங்கப் போனான். நான் பேக்கேஜைப் போட்டு, டிரைவரைக் கட்டி, ரீஸ்டார்ட் செய்தேன். மானிட்டர் பளிச்சென்று வந்தது. அவன் பாதியில் விட்ட நாற்காலி திரையில் நின்றது.

மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம்.

இதை எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும். செட்டிங் ஃபைல் ஒன்றில் ஒரே ஒரு வரி அடித்தேன். பெரிய கார்டை ஏற்றாதே என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். மறுபடி ரீஸ்டார்ட். மானிட்டர் இருட்டு.

"என்னாச்சு?"

"தெரியல. சிக்கலா இருக்குது. நாளைக்கு வர்றியா?"

"வர்றேன்."

டீ ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியான டீயை இந்த வருடத்தில் நான் குடிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

லேப்டாப் பையோடு ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தான். முட்டை பொரித்தேன். இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நானே மறைத்து வைத்ததை நானே தேடினேன்.

சும்மா தேடுவது போல் எவ்வளவு நேரம்தான் நடிப்பது? லாக் படிக்கக் கற்றுக் கொடுத்தேன். "லேப்டாப் எப்ப எழுந்துச்சு, எந்த கார்டு ஏறுச்சு, எது ஏறல, ஏன் ஏறல, எல்லாத்தையும் தேதி நேரத்தோட எழுதி வைக்கும்."

"உன்ன மாதிரியே" என்றான். இந்த நோட்டு அவனுக்குத் தெரியும். ஒரு நாளும் திறந்து பார்த்தவனில்லை.

மார்ச் 13, வியாழன்

வந்தான். இன்றைக்கு நாற்காலியில் இல்லை, சோபாவில் உட்கார்ந்தான்.

மார்ச் 14, வெள்ளி

தவக்காலத்து வெள்ளி. கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து ஓடிவந்தால் கதவருகே காத்திருக்கிறான். சாவியை டிசம்பரிலேயே கொடுத்துவிட்டுப் போனவன். தன் வீட்டு வாசலில் அந்நியன் மாதிரி நின்றான். அவசரமாகக் கதவைத் திறந்தேன்.

பாலிடெக்னிக்கில் நான் லேப் பிரின்டரைப் பிரித்துவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் முழித்த கதையை எடுத்தான். மிச்சமான மூன்று ஸ்க்ரூவை அவன் சட்டைப்பையில் ஒளித்து என்னைக் காப்பாற்றினான். அப்படித்தான் எங்கள் காதல் ஆரம்பித்தது. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவன் என்னைப் பார்த்தான்.

"வேற எதனா சொல்லணுமா டினா?"

"பழைய கர்னலுக்குப் போய்ப் பாக்கலாம்" என்றேன்.

மார்ச் 15, சனி

டிசம்பரில் கிளம்பும்போது அவன் சொன்னது இன்றைக்கு முழுக்க மண்டைக்குள் ஓடியது. "நான் என்ன உன் சர்வர் ரூமா டினா? எந்நேரமும் லைட் எரியுதான்னு பாத்துக்கிட்டு." வேலை போன பிறகு அவனுக்கு நான் டைம்டேபிள் போட்டேன், பயோடேட்டா எழுதினேன், அவனைக் கேட்காமல் நாலு பேரிடம் வேலைக்குச் சொல்லி வைத்தேன். ரிப்பேருக்கு வந்த சாமானைப் போலத்தான் அவனை நடத்தியிருக்கிறேன். அன்பு என்றுதான் நினைத்துச் செய்தேன்.

சாயங்காலம் வந்து போனான். இன்னும் ஒன்பது நாள். டெஸ்டை அவன் அனுப்ப முடியாமல் போனால்? முடியாமல் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைச்சேன், ஆமா. நான் என்ன மனுஷி!

மார்ச் 16, ஞாயிறு

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம்.

"ஃபாதர், ஒரு கம்ப்யூட்டர வேணும்னே கெடுத்து வச்சிருக்கேன்."

"யாரோடதும்மா?"

"என் வீட்டுக்காரரோடது."

"அப்ப சரி பண்ணிக் குடுத்துடுங்க."

"குடுத்துட்டா வரமாட்டாரு ஃபாதர்."

வலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு, "முதல்ல அவருகிட்ட சொல்லுங்கம்மா. சரி பண்றது அப்புறம்" என்றார். பரிகாரம் பத்து அருள்நிறை மந்திரம்.

பத்தையும் அங்கேயே முட்டிபோட்டுச் சொல்லி முடித்தேன். அது சுலபம்.

சாயங்காலம் அவன் வந்தான். சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே வசனம் தயார் செய்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஆபீஸ் நிர்மலா, "என்னக்கா, வாய்க்குள்ள ஜெபமாலையா?" என்று கேட்டாள்.

அவன் வந்தபோது கண் சிவந்திருந்தது. "விடியக்காலையிலயே எழுந்துட்டேன்" என்றான். கவலையில் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது, எல்லாம் என்னால். சோபாவில் அப்படியே தூங்கிப்போனான். எழுப்ப மனசு வரவில்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றையும் சரி செய்யாமல் அவனை நான் அத்தனை நேரம் பார்த்ததே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

வந்தான். மீன் குழம்பு. உப்பு அதிகம். இரண்டு முறை போட்டுக்கொண்டான்.

மார்ச் 19, புதன்

"நிஜமா கண்டுபுடிக்க முடியலையா டினா?"

நேருக்கு நேர் பார்த்துக் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் உடைந்து கொட்டியிருப்பேன். மெதுவாகக் கேட்டான்.

"முடியல."

தலையை ஆட்டினான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 20, வியாழன்

தாங்க முடியவில்லை. அவன் அடுப்படியில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது அந்த வரியை அழித்தேன். ரீஸ்டார்ட். மானிட்டர் வந்தது. "வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். துள்ளுவான் என்று நினைத்தேன். மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமா. வந்துடுச்சு. என்னவாம்?"

ஒரு பேக்கேஜ் விட்டுப்போனது, டிரைவர் கட்டப்படாதது, எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றும் நிஜம், மொத்தமும் பொய். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

சார்ஜர் ஒயரை நிதானமாகச் சுற்றினான். வெட்டிய ரொட்டியை யாரும் சாப்பிடவில்லை. வாசலில், "வர்றேன் டினா" என்றான். நல்லவேளை, அவனுக்கு நாலு நாள் மிச்சம் இருக்கிறது. பாவம் தீர்ந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். தீர்ந்தது என்றால் ஏன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 21, வெள்ளி

வரவில்லை. ஏன் வர வேண்டும்?

மார்ச் 25, செவ்வாய்

நேற்றோடு கெடு முடிந்தது. அனுப்பினானா என்று கேட்டு மெசேஜ் அடித்து, அழித்தேன். மூன்று முறை.

ஏப்ரல் 3, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது என்று மெசேஜ். "தேங்க்ஸ் டினா" என்று இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். "நல்லா செய்" என்று பதில் போட்டேன். பதினாலு வருடத்துக் கல்யாணம், இரண்டு வார்த்தை.

ஏப்ரல் 6, ஞாயிறு

போய்விட்டான். வழியனுப்பப் போகவில்லை. அவன் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். சாவு வீட்டில் இருப்பது போல் தனியாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

ஜெர்லின் வந்தாள். அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். கொச்சியில் கம்பெனியே புதுசு கொடுத்துவிட்டதாம். "நீங்க வாங்கிக் குடுத்ததாச்சே அண்ணி, உங்ககிட்டயே குடுத்துடச் சொன்னாரு."

"நல்லவேளை, இருபதாம் தேதியாவது சரியாச்சு. இல்லன்னா டெஸ்டே அனுப்பியிருக்க முடியாது" என்றேன்.

"இருபதா? அண்ணன் பதினெட்டாந்தேதியே அனுப்பிட்டாரே. விடியக்காலையில என் டிவியில சொருகிக்கிட்டு உக்காந்துடுவாரு. ஒரு வாரம் எங்க வீட்ல யாருக்கும் தூக்கமில்ல."

பதினெட்டாம் தேதி என் வீட்டில் அது இருட்டாகத்தான் இருந்தது. என் வரி அதில் இருந்தது.

ஜெர்லின் போனதும் லாக்கைத் திறந்தேன்.

மார்ச் 13, விடிகாலை 4.52: பெரிய கார்டு ஏறியது. அன்று மாலை 6.40: ஏறவில்லை.
மார்ச் 14, விடிகாலை 4.45: ஏறியது. மாலை 7.25: ஏறவில்லை.

அப்படியே பதினெட்டு வரைக்கும். நான் கற்றுக்கொடுத்த மறுநாளே கண்டுபிடித்திருக்கிறான். அவன் அடித்த கட்டளைகளும் வரிசையாக இருக்கின்றன. தினமும் விடியலில் என் வரியை எடுத்திருக்கிறான். வேலை முடிந்ததும், இங்கே கிளம்பி வருவதற்கு முன்னால், தன் கையாலேயே அதைத் திரும்பப் போட்டிருக்கிறான். ஆறு முறை.

டெஸ்டை அனுப்பிய பிறகும் வந்ததைச் சேர்த்து, எட்டு சாயங்காலம் ரொட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். வேற எதனா சொல்லணுமா டினா. நிஜமா முடியலையா டினா. அவ்ளோதானா.

ஐயோ, கர்னலைப் பத்திப் பேசினேனே. அந்த மனுஷன்கிட்ட எட்டு நாளும் கர்னலைப் பத்திப் பேசினேனே!

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் ஆபீஸ் போவதற்கு முன்னால் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். ஹலோகூடச் சொல்லாமல், "நான்தான் கெடுத்தேன் ரிச்சி. நீ வரணும்னு கெடுத்தேன்" என்றேன்.

அந்தப் பக்கம் பஸ் ஹாரன், மலையாளத்தில் யாரோ கத்துவது, எல்லாம் கேட்டது. அதற்கு நடுவே அவன் குரல் வந்தது.

"போன மாசம் சொல்லியிருந்தாலும் கொச்சிக்கு வந்துதான் இருப்பேன் டினா. ஆனா எப்ப திரும்புவேன்னு சொல்லிட்டு வந்திருப்பேன்."

பஸ் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்றான். எப்போது திரும்புவான் என்று இப்போதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.