மண்டிக்குச் சொன்ன தைலம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முட்டிவலித் தைலம் தீர்ந்துவிட்டது. ஈஜிபுரா வைத்தியரிடம் இன்று நானே போனேன். போன தடவை வாங்கி வந்தது வீட்டுக்காரர். அவருக்குக் கன்னடம் அரைகுறை. தலையில் தேய்த்தால் கனக்கிறது, அளவைக் குறைக்கலாமா என்று கேட்டேன். வைத்தியர் திருதிருவென விழித்தார்.

"தலைக்கா? மண்டிகே ஹச்சி, தேய்ங்கன்னுதானே சொன்னேன்! மண்டின்னா கன்னடத்துல முட்டிம்மா!"

வீட்டுக்காரர் காதில் அது மண்டை என்று விழுந்திருக்கிறது. வாதம் தலையிலிருந்துதான் இறங்கும் என்று விளக்கம் வேறு. மண்டி போடு என்று நாமும்தானே சொல்கிறோம், எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா?

அது போகட்டும். வலி குறைந்திருக்கிறதே, அது எப்படி? நேற்று கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறினேன். தைலமா? மழை விட்டதாலா? இல்லை, ஆபீஸ் விட்டு வந்ததும் லேப்டாப்பைத் திறக்காமல் தினமும் என் பின்னால் உட்கார்ந்து தேய்த்துவிட்டாரே, அதுவா? ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் புதுத் தைலத்தைச் சுடவைத்து எடுத்து வந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முட்டி என்றால் எனக்கே கை எட்டுமே.

பேசாமல் தலையைக் கொடுத்துவிட்டேன்.