சிவப்புக் கோடு போட்ட பில்கள்

ஜூன் 9, திங்கள்

விடியும் முன்பே மழை. ஏழரைக்கு வெறித்தது. துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை.

செய்ய வேண்டியவை: காஸ் பதிவு. லீலாவின் ஊன்றுகோலுக்கு அடி ரப்பர். பாறசாலை பாங்கில் பாஸ்புக் பதிய.

மூன்றும் நடக்கவில்லை. பதினொரு மணிக்குப் பதிவுத் தபால். மனைவி லீ.யின் மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனி. நான்கு பத்தி ஆங்கிலம், மூன்று முறை வாசித்தேன். சாரம்: அமரவிளையில் லாரி இடித்து லீ.க்குத் தொடை எலும்பு முறிந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி கட்டியது 1,84,000 சொச்சம். அதே விபத்துக்கு லாரியின் இன்சூரன்ஸிலிருந்து லோக் அதாலத்தில் நஷ்டஈடு வாங்கியிருக்கிறோம். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் கூடாது. ஆகவே நஷ்டஈட்டிலிருந்து கம்பெனியின் தொகையைத் திருப்பிக் கட்டவும். கட்டும்வரை புதிய சிகிச்சைக்கு அனுமதி இல்லை.

புதிய சிகிச்சை 19-ஆம் தேதி. கம்பியை எடுத்துவிட்டு கால்முட்டு மாற்றுவது. இரண்டு வருடமாக லீ. காத்திருக்கும் தேதி. நஷ்டஈட்டுப் பணம் பாங்கில் வைப்பு. பிஸியோதெரபிக்கும் பிறகு வரும் செலவுக்கும் அது ஒன்றுதான்.

அடுக்களையிலிருந்து லீ.: "என்ன கடுதாசி?"

"ஒண்ணுமில்ல. கம்பெனிக்காரனுக்க அறிவிப்பாக்கும்."

"அறிவிப்ப எதுக்கு மூணு தடவ வாசிக்கணும்?"

எழுத்து சின்னது என்றேன். பொய்.

ஜூன் 10, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. காலையில் ரத்த அழுத்தம் 160. மாத்திரை போட்டேனா என்று சந்தேகம். அட்டையை எண்ணிப் பார்த்தேன், போட்டிருக்கிறேன்.

லீ. குளிக்கப் போன நேரத்தில் விபத்துக் கோப்பை எடுத்தேன். அதாலத் தீர்ப்பு நகல், இரண்டாம் பக்கம். "மருத்துவச் செலவு" என்ற வரியில் 23,460 மட்டும்! வீட்டுக்கு வந்த பிறகு நாங்களே வாங்கிய மருந்து, வண்டிக் கூலி, ஊன்றுகோல். கம்பெனி கட்டிய ஆஸ்பத்திரி பில் ஒன்றுகூட அதில் இல்லை.

ஏன் இல்லை? நான் கெடுத்ததால் இல்லை.

இதை இதுவரை எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் ட்ரெஷரியில் இருந்தவன். பணம் கொடுத்து முடித்த பில்லுக்குக் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடு. அப்போதுதான் அது மறுபடி கவுண்டருக்கு வராது. லீ. வீடு வந்த அன்று, மனம் நிற்காமல், எதையாவது ஒழுங்கு செய்ய வேண்டும் போலிருந்தது. கம்பெனி கட்டிய பில் நகல்கள் பதினாலிலும் ஸ்கேல் வைத்து இரண்டிரண்டு கோடு. நடுவில் "கம்பெனி கொடுத்தது. மறு உபயோகம் இல்லை." கையெழுத்து, தேதி.

வக்கீல் பிந்து அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "சாரே, இது எந்து பணியாணு காட்டியது? இது ஞான் கோர்ட்டில் எங்ஙன கொடுக்கும்?" கோடு போட்டதைக் கோர்ட்டில் கொடுக்க முடியாது, ஆஸ்பத்திரியில் புது நகல் கேட்டு வாங்குங்கள் என்றார். இரண்டு நாள் போய் வரிசையில் நின்றேன். இரண்டு நாளும் என் முறை வந்ததும் பின்னால் நின்றவருக்கு இடம் விட்டுத் திரும்பினேன். தர மாட்டேன் என்கிறார்கள் என்று வக்கீலிடம் சொன்னேன். ஒரே பில்லுக்கு இரண்டு முறை வாங்கக் கூடாது என்ற நேர்மையா, கவுண்டரில் கேட்கப் பயமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. லீ.யிடம் சொன்னதில்லை. அவள் காலுக்கு வர வேண்டியது என் பேனாவால் குறைந்தது என்று எப்படிச் சொல்ல?

இன்று அதே கோடுதான் துணை! வாங்காத பணத்தை எப்படித் திருப்பிக் கேட்பார்கள்? எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். தேயிலை போட்டுக் குடித்தேன். குடித்ததை மறந்து மறுபடி போட்டேன்.

தப்பாக வாசித்திருப்பேனோ? இன்னும் இரண்டு முறை வாசித்தேன். அதே எண்.

பிந்துவுக்குப் போன். சிரித்தார், நிறுத்தவில்லை. பில்லைக் கிழித்துவிடாதீர்கள் என்றார்: "ஆ பில்லு கைவசம் உண்டோ? கீறிக் களயல்லே! தீர்ப்பும் எடுத்து நேரே கம்பெனி ஆபீஸில் போ." பிறகு: "பாலிசி லீலாம்மயுடெ பேரிலாணு. அவரும் வரணும்."

அத்தனை சந்தோஷமும் ஒரு நிமிடம் நின்றுபோனது. லீ. வந்தால் பில்லைப் பார்ப்பாள்.

ஜூன் 11, புதன்

தூறல். காஸ் பதிவு ஆயிற்று. அடி ரப்பர் ஆயிற்று.

நாளை நெ.கரை, கம்பெனி ஆபீஸுக்கு. கம்பெனி திருப்பிக் கேட்பதை லீ.யிடம் சொன்னேன். அவர்கள் கணக்கு தப்பு, காட்டப் போகிறோம் என்றும் சொன்னேன். சிவப்புக் கோட்டை மட்டும் சொல்லவில்லை. பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ அலமாரியைத் திறந்து கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் பட்டுச் சேலையை எடுத்தாள்.

"ஆபீசுக்குப் போக பட்டா?"

"ரெண்டு வருசமா எனக்க சேலையெல்லாம் ஆஸ்பத்திரியும் வேதக்கோயிலும் மட்டுந்தான் பாத்திருக்கு. பேசாம இரிங்க."

பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். ஆறு வரி. அடித்து நான்காக்கினேன். கடைசியில் ஒன்று: வாங்காததை எப்படித் திருப்பித் தருவது?

கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை தேவலை.

ஜூன் 12, வியாழன்

நல்ல மழை. மணியனின் ஆட்டோ. லீ.யின் காலை நீட்டி வைக்கப் பின் இருக்கையில் தலையணை.

ஆபீஸ் இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை! காலொடிந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் விற்கும் இடம். லீ. ஆட்டோவில். நான் தனியே, முப்பத்தெட்டுப் படி. இருபதாவது படியில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. கீழே ஆட்டோவின் கூரை தெரிந்தது. ஏறினேன்.

தாடி வைத்த இளைஞர். பெயர் கேட்க மறந்தேன். "அங்கிளே, சிஸ்டத்தில் செட்டில்மென்ட் காணிக்குந்நுண்டல்லோ."

நஷ்டஈடு வாங்கியதாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறதாம். என் வரியைச் சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது. மறுபடி சொன்னேன். சரியாக வந்தது. தீர்ப்பை வைத்தேன், அதன்மேல் பதினாலு பில். புரட்டினார்.

"இதாரு வரச்சது?"

"நானாக்கும்."

"எந்தினு?"

"ஒரு தடவை பணம் கொடுத்த பில் மறுபடி வராம இருக்க."

நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய் மானேஜரைக் கூட்டி வந்தார். அவரும் புரட்டினார். நாற்காலி போடச் சொன்னார்! ஆஸ்பத்திரிச் செலவு வேறெங்கும் வாங்கவில்லை என்று பாலிசிதாரர் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான் என்றார். பாலிசிதாரர் ஆட்டோவில் இருக்கிறார் என்றேன்.

தாடிக்காரர் குடையோடு கீழே வந்தார். கோப்பை லீ.யின் மடியில் விரித்தார், பில்கள் மேலே. தடுக்க நேரமில்லை.

"இதென்ன செவப்புக் கோடு? இது ஒங்களுக்க எழுத்தில்லியா?"

சொல்லிவிட்டேன். எல்லாம். கோடு போட்டது, வரிசையிலிருந்து திரும்பியது, வக்கீலிடம் பொய் சொன்னது. மணியன் கேட்பதற்காக எஞ்சினை நிறுத்தினான்.

லீ. பதினாலு பில்லையும் புரட்டி முடித்தாள். பிறகு: "எனக்க காலுக்குத் தைலம் தேய்க்கும்போ எனக்க மொகத்தப் பாக்காதது இதுக்காக்குமா?"

தலையாட்டினேன்.

"நான் என்னவோ தையல் போட்ட காலப் பாத்து ஒங்களுக்கு அருவெறுப்புன்னுல்லா இத்தற நாளும் நெனச்சேன்."

கைக்குட்டையை நீட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எலே மணியா, கேட்டியா? ஆனை மாதிரி பணம், மனுசன் பேனா வச்சு வெட்டிப் போட்டாரு!" மணியன், "அதுனாலல்லா இப்போ தப்பிச்சீங்க, சேச்சி" என்றான். தாடிக்காரர் குடைக்குள் சிரித்தார். லீ. கையெழுத்துப் போட்டாள். பட்டில் இரண்டு துளி மழை.

ஜூன் 13, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது. கம்பெனியிலிருந்து போன் வரவில்லை. மணி அடித்தது இரண்டு முறை: ஒன்று மணியன், "என்னாச்சு சாரே?" இன்னொன்று தப்பு நம்பர், அவரிடமும் நான் நன்றி சொன்னேன் என்கிறாள் லீ.

ஜூன் 16, திங்கள்

மழையும் வெயிலும். காலை முதல் போனைக் கையிலேயே வைத்திருந்தேன், சார்ஜ் தீர்ந்தது. சார்ஜில் போட்டதும் 3.40க்குச் செய்தி. ஆங்கிலம். தொகை கோரிய கடிதம் திரும்பப் பெறப்பட்டது. 19-ஆம் தேதி சிகிச்சைக்கு அனுமதி.

தேதியைச் சரிபார்த்தேன். பெயரை. பாலிசி எண்ணை, ஒவ்வொரு இலக்கமாக. பிறகுதான் கத்தினேன். கத்தினேன் என்றால் நிஜமாகவே. அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

லீ. ஊன்றுகோல் இல்லாமல் அடுக்களை வாசல்வரை வந்துவிட்டாள். "அந்தக் கடுதாசி எங்க? செவப்பு மையும் எடுங்க."

அசல் கடிதம், கோப்பில் வைக்கணும் என்றேன்.

"கோடு கீறுனபொறவு வச்சுக்கிடுங்க."

மேசையில் வைத்து இரண்டு கோடு இழுத்தாள். இரண்டும் கோணல். ஸ்கேல் கொடுத்தேன், வேண்டாம் என்றாள்.

ஆஸ்பத்திரிப் பை: ஆதார், பாலிசி நகல் இரண்டு, துண்டு நான்கு, ஃபிளாஸ்க், வேதப் புத்தகம், அவளுடைய கண்ணாடி, என் மாத்திரை.

தைல நேரம். கூப்பிடுகிறாள். மொகத்தப் பாத்துத் தேய்க்கணுமாம்.