சனிக்கிழமை ஆட்டம்

குமாசி

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மாவின் அடக்கத்தை மூன்றாம் முறையாக ஒத்திவைத்திருக்கிறோம். மருத்துவமனைப் பிணவறையில் அவளை ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். நேற்றும் பார்த்துவிட்டு வந்தேன்.

நம் வழக்கப்படி அடக்கம் சனிக்கிழமைதான். ருமேனியாவில் உனக்கும் சனிக்கிழமைதான் ஆட்டம் என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருந்தாய். அதையே உன் தாய்மாமன் பொன்சுவிடம் சொல்லிவந்தேன். "என்ன மாப்ள, என் தங்கச்சிய ஐஸ்ல வச்சுட்டு அவன் யாருக்குப் பந்து ஒதைக்கிறான்? அவன் இல்லன்னா அந்த ஊர்ல கோல் போஸ்ட்டக் கழட்டிருவாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உனக்கு முறைப்படி விடுப்புக் கேட்பதற்காகச் சென்ற வாரம் உன் கிளப் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். முழங்கால் குணமாகாததால் ஜனவரியிலேயே உன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்களாம். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று மாலை பொன்சு வந்தார். "இந்த வாரமும் அவனுக்கு மேட்ச் இருக்கு மச்சான்" என்றேன்.

இனி ஒத்திவைக்க அவர் குடும்பம் சம்மதிக்காது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அடக்கம். பயணச்சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கும் கறுப்புத் துணி எடுத்தாயிற்று. யாருக்கும் எதுவும் வாங்கி வர வேண்டாம்.

நீ நொண்டுவதை மாமா பார்ப்பார், கேட்கவும் செய்வார். போன ஆட்டத்தில் அடிபட்டது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நீ பேச வேண்டியதில்லை. நேராக உள்ளே போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்.

இப்படிக்கு,
உன் அப்பா