கண்ணை மூடாத டிரைவர்

ஏங்க,

தையல் ஆலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

சாயங்காலம் ஜெபக்குழு கூடுவதற்குள் வந்துவிடுவேன். எல்லார் செருப்பையும் குளியலறையில் போடச் சொல்லுங்கள். "போன வாரம் உங்க வாசல்ல என்னம்மா அத்தனை செருப்பு?" என்று கீழ்வீட்டுக்காரர் காலையில் கேட்டார். சொந்தக்காரர்கள் என்று சமாளித்தேன். பக்கத்துத் தெருவில் வீட்டில் கூடி ஜெபித்தவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதிலிருந்தே யார் என்ன கேட்டாலும் எனக்குப் பொய்தான் வாயில் வருகிறது. பாட்டு ஆரம்பித்ததும் டிவியைச் சத்தமாக வையுங்கள்.

நேற்றுப் போட்ட சண்டையில் கோபமா? குழுவில் புதிதாகச் சேர்ந்து உங்களிடம் வேதம் படிக்கிற அந்த டிரைவரை நம்பாதீர்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். போன வாரம் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் கதி என்ன? "சந்தேகப்பட்டுக்கிட்டே கூட உட்கார்ந்து எப்படி ஜெபிக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். எனக்குத்தான் தூக்கமே இல்லை.

படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

பி.கு: செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. அவர் கண் திறந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணும் திறந்துதானே இருந்தது! என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. நான் காட்டிக்கொடுப்பேன் என்று பயந்திருப்பார், பாவம்.

இன்னொன்று: அவருக்குக் கதவோரம் வேண்டாம், நம் பக்கத்தில் இடம் போடுங்கள். இன்றைக்கு நான் கண்ணை மூடித்தான் ஜெபிப்பேன். நீங்கள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வையுங்கள்.