எதிர்ப்பு சக்தி யாருக்கு?

மார்ச் 3, செவ்வாய்

எனக்கு எதிர்ப்பு சக்தி ஏராளமாக இருக்கிறது. தகவல் தந்தது மருத்துவமனை ஆய்வகம். போனில் கேட்டுச் சொன்னவள் என் மனைவி.

கால் கட்டைவிரல் புண்ணில் எடுத்த சீழிலிருந்து கிருமியை வளர்த்து, எல்லா மருந்தையும் வைத்துப் பார்த்தார்களாம். "எல்லாத்துக்கும் எதிர்ப்பு சக்தி இருக்குன்னு லேப் பொண்ணு சொல்லுச்சு. குரல்தான் டல்லா இருந்துச்சு. பாவம், சாப்பிடலையோ என்னவோ."

மாலைக்குள் உறவு முழுக்கச் செய்தி போய்விட்டது. மைத்துனன் கூப்பிட்டு, "அத்தான், அப்படி என்னதான் சாப்பிடறீங்க?" என்றான். படுத்தபடியே அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

மார்ச் 4, புதன்

நேற்றைய செய்திக்கு மறுப்பு.

அறுவை மருத்துவர் வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே மனைவி, "டாக்டர், எதிர்ப்பு சக்தி அமோகமா இருக்காமே!" என்றாள்.

"ஆமாம்மா. கிருமிக்கு."

பேனாவை எடுத்துக் கட்டைவிரலின் அடியில் ஒரு கோடு போட்டார். எந்த மருந்துக்கும் கிருமி மசியாவிட்டால் அந்தக் கோட்டோடு விரலை எடுத்துவிட வேண்டுமாம். விட்டுவைத்தால் பாதத்துக்கு ஏறுமாம்.

முப்பது வருஷ நிருபர் நான். யார் சொன்னது, எப்போது சொன்னது, எல்லாம் கேட்டேன். யாருக்குன்னு கேக்கத் தோணலையே! விரல் போனா செருப்பு எப்படி நிக்கும்? நடக்காம என்ன செய்தி சேர்க்கறது —

மார்ச் 5, வியாழன்

பிடிவாதம் பிடித்து, சக்கர நாற்காலியில் ஆய்வகம் போனேன். லேப் பெண் மூடிய தட்டு ஒன்றைக் காட்டினார். உள்ளே வெண்படலமாக என் கிருமி. அதன்மேல் மருந்தில் தோய்த்த காகிதப் பொட்டுகள். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வளையம் விழுமாம். என்னுடையது ஒரு பொட்டைக்கூட மதிக்கவில்லை. ஒட்டி உரசிக்கொண்டு நிற்கிறது.

"நான் வளர்த்ததிலேயே இதுதான் உருப்பட்டிருக்கு" என்றேன்.

"சிரிக்காதீங்க சார். பழைய ஊசி ஒண்ணு இருக்கு, இப்ப யாரும் அதிகமா போடறதில்லை. வேற தட்டுல அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிருக்கேன். நாளைக்குத் தெரியும்."

"தெரிஞ்சா தெளிவா சொல்லும்மா" என்றாள் மனைவி. "யாருக்கு என்னன்னு."

மார்ச் 6, வெள்ளி

வளையம் விழுந்திருக்கிறது! நல்ல அகலம். லேப் பெண் அளந்துவிட்டு, நம்பாமல் மறுபடி அளந்தாராம். ஊசி தொடங்கியாகிவிட்டது.

சந்தோஷத்தில் மனைவி தம்பிக்குப் போன் போட்டு, "டேய், எதிர்ப்பு சக்தி சுத்தமா இல்லையாம்டா!" என்று தழுதழுத்துவிட்டு வைத்துவிட்டாள். மாலையில் மைத்துனன் கண் கலங்கி, கூடை நிறையப் பழத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "தைரியமா இருங்க அத்தான். அக்காவை நான் பாத்துக்கறேன்."

மார்ச் 7, சனி

காய்ச்சல் இல்லை. பழமும் இல்லை. விஷயம் புரிந்ததும் மைத்துனனே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனான்.

மார்ச் 8, ஞாயிறு

புண் காய்கிறது என்கிறார் கட்டு மாற்றிய நர்ஸ். விரலில் மருத்துவர் போட்ட கோட்டைக் காணவில்லை. மனைவியைக் கேட்டேன்.

"ஏதோ அழுக்குன்னு நெனச்சு துடைச்சுட்டேன்" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. வீட்டிலிருந்து என் செருப்பைக் கொண்டுவந்து கட்டிலடியில் ஜோடியாக வைத்திருக்கிறாள்.

விரல் தங்குமா என்பதற்கு மருத்துவரின் உறுதி இன்னும் வரவில்லை. நாளைக் காலை எதிர்பார்க்கப்படுகிறது.